சாலை இல்லாத மலையின் அழகு

ஜவ்வாது மலையைப் பற்றி அண்மை ஆண்டுகளில் எழுதப்படும் பயணக் குறிப்புகளில் மூன்று சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன. ‘தீண்டப்படாத மலை’, ‘ஆளரவமற்ற காடு’, ‘சாலைகூட இல்லாத சிற்றூர்’. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வார இறுதியில் வந்து, ஆலங்காயம் வழியாகவோ போளூர் வழியாகவோ ஏறி, இரண்டு நாள் நடந்துவிட்டுத் திரும்பும் இளைஞர்கள் இவற்றைப் புகழ்ச்சியாகவே எழுதுகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று நீளும் தோல் பதனிடும் ஊர்களில் வாழ்பவனுக்குத் ‘தீண்டப்படாத’ என்ற சொல்லை அழகின் அடைமொழியாக வாசிப்பது எளிதாக இல்லை. தோலைத் தொட்டுப் பிழைத்தவர்களை எந்தச் சொல்லால் தள்ளி வைத்தோம் என்பது இவ்வூர்களின் தெருக்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. அது கிடக்கட்டும். நான் பேச விரும்புவது மூன்றாவது சொல்லைப் பற்றி.

நான் மலை நடைக்கு எதிரியல்லன். தமிழ் இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியன் குறிஞ்சித் திணையை நான்கு சுவர்களுக்குள் மட்டும் நடத்துவது ஒருவகை மோசடி என்றே கருதி, மாணவர்களை அழைத்துக்கொண்டு பலமுறை மலையேறியிருக்கிறேன். ஆனால் மலையில் சாலை இல்லாமலிருப்பதை மலையின் அழகுகளுள் ஒன்றாக எண்ணும் மனப்பாங்கு நம்மிடையே பரவி வருகிறது. இது மேற்கிலிருந்து நாம் இரவல் வாங்கிய மனப்பாங்கு. நம்முடைய பழைய மலை நடைகளில் இதற்கு இடமில்லை. இரவலாக இருப்பதனால் மட்டும் அது தவறாகிவிடாது. அந்த மலையில் பிறந்து அங்கேயே இறப்பவர்களின் பக்கத்திலிருந்து பார்க்கும்போதுதான் அது தவறு என்பது தெரிகிறது.

ஆம்பூர் இரயில் நிலையத்தில் நின்று தெற்கே நோக்கினால் நீலக்கோடாய்த் தெரிவது ஜவ்வாது மலை. மேற்குத் தொடர்ச்சி மலையைப் போலக் கிழக்குத் தொடர்ச்சி மலை ஒரே சுவராக நிற்பதில்லை. ஆறுகள் அதை வெட்டித் துண்டாக்கிவிட்டன. ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று ஒவ்வொன்றும் சமவெளிக் கடலில் ஒரு தீவாக நிற்கிறது. உயிரியலாளர்கள் இத்தகைய மலைகளைத் தீவுகள் என்றே வழங்குவதுண்டு. கீழேயுள்ள வெப்பநிலத்தைக் கடக்க இயலாத செடிகொடிகள் மேலேயே தனித்து வளர்கின்றன. மக்களுக்கும் இது பொருந்தும். இம்மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை, மலையை ஆள்பவர் என்றே பொருள் சொல்கிறார்கள்) தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று கதை சொல்வார்கள். புதூர் நாடு, புங்கம்பட்டு நாடு, நெல்லிவாசல் நாடு என்று அவர்களுடைய ஊர்த்தொகுதிகள் இன்றும் ‘நாடு’ என்றே வழங்குகின்றன. நிருவாகமோ இந்த ஒரு மலையைத் திருப்பத்தூர், வேலூர், திருவண்ணாமலை என மூன்று மாவட்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது. மூன்று மாவட்டங்களுக்கும் அது ஓரம். எதற்கும் அது நடு அன்று.

கடல் சூழ்ந்த தீவொன்றின் மலையையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். இலங்கையின் சிவனொளிபாதமலை 2,243 மீட்டர் உயரம். பௌத்தர் அங்கே புத்தரின் பாதத்தையும், சைவர் சிவனின் பாதத்தையும், இசுலாமியரும் கிறித்தவரில் ஒரு சாராரும் ஆதாமின் பாதத்தையும் காண்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டில் அங்கே ஏறிய இபின் பதூதா, பாறைகளில் பற்றி ஏறுவதற்கு இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்ததை எழுதியிருக்கிறார். இன்று உச்சி வரை படிக்கட்டுகளும், வழியில் தங்குமிடங்களும், யாத்திரைக் காலத்து இரவுகளில் விளக்குகளும் உண்டு. எழுபது வயதுப் பாட்டியும் ஏறுகிறாள். அம்மலையின் புனிதம் இதனால் குறைந்துபோனதாக எவரும் சொல்லக் காணோம். கீழைத் தேசங்களில் ஒரு மலையை மதித்தவர்கள் முதலில் செய்தது அங்கே வழியமைத்ததுதான்.

நமக்கு இதற்கு இன்னும் பழைய சான்று இருக்கிறது. அதுவும் இதே மலையடிவாரத்திலேயே இருக்கிறது. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாகிய மலைபடுகடாத்தின் தலைவன், பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை ஆண்ட நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் ஓடும் சேயாறு ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு. நவிரமலையைப் போளூர்ப் பக்கத்துப் பர்வதமலை என்று அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். செங்கத்துக் கோயில் கல்வெட்டு ஒன்று, இப்பாட்டைப் பெற்ற மலையென்று அந்தப் பெருமையைப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நினைவுகூர்கிறது. 1889இல் உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டை அச்சேற்றிய பிறகு எத்தனையோ தலைமுறை மாணவர்கள் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் என்ற நீண்ட பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்த மாலையில் மறந்திருக்கிறார்கள். 583 அடிகளும் ஒரு மலையை நடந்து கடப்பதற்கான வழிகாட்டி என்பதை அவர்களுக்குச் சொன்னவர்கள் குறைவு.

பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், இன்னும் பெறாத கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். அவன் சொல்லும் முறையைக் கவனியுங்கள். பன்றிக்கு வைத்த பொறிகள் வழியில் இருக்கின்றன. ஆகவே விடிந்தபின் செல்லுங்கள் என்கிறான். பாம்புகள் மறைந்து கிடக்கும் குழிகள் உண்டு. பார்த்து நடங்கள், உடன்வரும் விறலியர் கைதொழுது கடக்கட்டும் என்கிறான். தினைப்புனம் காப்பவர்கள் யானையை நோக்கி எறியும் கவண்கல் உங்கள்மேல் படலாம். மரங்களின் மறைவில் செல்லுங்கள் என்கிறான். வழுக்கும் பாறையைப் பற்றியும், இருட்டிவிட்டால் தங்கத்தக்க குகைகளைப் பற்றியும் சொல்கிறான். வழி தவறினால் கானவர் வந்து சேர்ந்து, உணவு கொடுத்து, வழியும் காட்டுவார்கள் என்று தைரியம் கொடுக்கிறான். இடையில் ஓர் அறிவுரை வருகிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு அது பழசாவதில்லை. பாதைகள் பிரியும் கவலையில் பின்னால் வரும் புதியவர்கள் திகைக்காதிருக்க, போகவேண்டிய வழிக்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைத்துவிட்டுச் செல்லுங்கள் என்பது அது.

பாட்டின் பெயர்க்காரணமும் இந்த நடையிலிருந்தே வருகிறது. மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் கொண்டார் புலவர். அருவி விழும் ஓசையும் தேனெடுப்போர் ஆரவாரமும் பறவை விலங்குகளின் குரலும் அந்த ஓசைகளின் நீண்ட பட்டியலில் உண்டு. அவற்றோடு சேர்த்து வேறொன்றையும் வைக்கிறார்: புலி பாய்ந்து புண்பட்ட கணவனின் நோவு தணியப் பெண்கள் பாடும் பாட்டு. புலவரின் செவிக்கு அருவியின் ஓசையும் நோயாளியின் தலைமாட்டில் எழும் பாட்டும் ஒரே மலையின் ஓசைகள். இன்றைய மலை நடைக்காரரின் காணொளியில் அருவி மட்டும் ஒலிக்கிறது. பின்னணி இசையும் சேர்ந்துகொள்கிறது.

பாம்பைப் பற்றிச் சொன்னேன். 2023ஆம் ஆண்டு மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் உள்ள அல்லேரி மலைப்பகுதியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. வண்டி செல்லத்தக்க சாலை அங்கே இல்லை. மலையிறங்கி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வழியிலேயே குழந்தை இறந்தது. உடற்கூறாய்வு முடிந்து உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்சு, சாலை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. மகளின் உடலைச் சுமந்துகொண்டு தாய் மலைப்பாதையில் பல கிலோமீட்டர் நடந்தார். அந்தப் படம் செய்தித்தாள்களில் வந்தது, நாடெங்கும் பேசப்பட்டது. அதன் பிறகுதான் அல்லேரிச் சாலை அரசின் முன் அவசரப் பொருளாயிற்று.

அதே போன்ற பாதையில்தான் நாம் முதுகுப்பை மாட்டிக்கொண்டு நடக்கிறோம். கற்கள் பெயர்ந்து கிடப்பதை நாம் சவால் என்கிறோம். ஓடையில் இறங்கி ஏறுவதைச் சாகசம் என்கிறோம். வாணியம்பாடிக்கு அருகிலுள்ள நெக்னாமலை மக்கள் பல பத்தாண்டுகள் சாலை கேட்டு மனுக்கொடுத்தார்கள். பிரசவ வலி கண்ட பெண்களையும் நோயாளிகளையும் டோலி கட்டிச் சுமந்து இறக்கினார்கள். பாம்புக்கடிக்கு மருந்து இல்லாத காலமன்று இது. செங்கற்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் நஞ்சிலிருந்து நச்சுமுறி மருந்து தயாராகி இந்தியா முழுவதும் செல்கிறது. தமிழ்நாட்டுப் பழங்குடி ஒன்றின் கைத்திறனால் உருவாகும் மருந்து, தமிழ்நாட்டுப் பழங்குடிக் குழந்தை ஒன்றை எட்டவில்லை. இடையில் இருந்தது சில கிலோமீட்டர் பாதை.

மலையில் சாலை அமைப்பது அவ்வளவு எளிதா என்று கேட்பவர்கள் காவலூருக்குச் சென்று பார்க்கலாம். அதுவும் ஜவ்வாது மலைதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர். வேணு பாப்பு என்ற வானியலாளர் இருண்ட வானத்தையும் தெற்கு விண்மீன்களையும் தேடி இந்த இடத்தைத் தேர்ந்தார். 1960களின் பிற்பகுதியில் அங்கே பணி தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர்த் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச்சில் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதைப் பதிவு செய்த இடங்களுள் காவலூரும் ஒன்று. 1986 சனவரியில் 2.34 மீட்டர்க் கண்ணாடி கொண்ட பெரிய தொலைநோக்கி திறக்கப்பட்டு, அதற்கு முன்பே மறைந்துவிட்ட பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. மாணவர்களை அங்கே அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் பெருமிதம் எழத்தான் செய்கிறது. கூடவே ஒரு கேள்வியும் எழுகிறது. டன் கணக்கில் எடையுள்ள கருவிகள் இந்த மலையேறிவிட்டன; அதற்குரிய சாலை வந்துவிட்டது, மின்சாரமும் வந்துவிட்டது. இரும்பையும் கண்ணாடியையும் ஏற்ற முடிந்த அரசால், அதே மலைத்தொடரின் வேறொரு மடிப்பிலிருந்து ஒரு குழந்தையை இறக்க ஏன் முடியவில்லை? பொறியியல் இதற்கு விடையாகாது. தொலைவு என்பது மலையின் குணம் என்று நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அது யாரோ ஓர் அலுவலகத்தில் எடுத்த முடிவு, அல்லது எடுக்காமல் விட்ட முடிவு.

எங்கள் தோல் ஊர்களுக்கும் இதில் ஒரு கடன் இருக்கிறது. குரோமிய உப்பு வருவதற்கு முன்பு இங்கே தோல் பதப்பட்டது ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும். ஆவாரை சமவெளிப் புதர்க்காட்டில் விளைந்தது. கடுக்காய் மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கியது. இலண்டன் ஏலத்தில் விலைபோன சென்னை மாகாணத் தோலின் நிறத்தில் மலையாளிகளின் கூலியும் கலந்திருந்தது. கடுக்காய் போய்க் குரோமியம் வந்தது; பாலாற்றுக்கு என்ன நேர்ந்தது என்பதை உச்ச நீதிமன்றம் 1996இலும் மீண்டும் 2025இலும் தீர்ப்புகளில் சொல்லிவிட்டது. அதை இங்கே விரிக்கப் போவதில்லை. ஆனால் உலகத்தார் நடப்பதற்குக் காலணி தைத்துக் கொடுக்கும் ஓர் ஊர், கண்ணெதிரே தெரியும் மலையில் மனிதர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று இத்தனை காலம் கேட்காமல் இருந்தது எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

சாலை வந்தால் மலை கெட்டுவிடும் என்ற மறுப்பு உண்டு. அதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். ஏனெனில் பக்கத்திலேயே ஏலகிரி இருக்கிறது. அம்மலைச் சாலையின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். கபிலர் வளைவைக் கடந்து, பாரி வளைவையும் கடந்து மேலே சென்றால் விடுதிகளின் மதிற்சுவர்கள் வரவேற்கின்றன. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பெயரில் வளைவு. மேலே முல்லைக்கு இடமில்லை. (கடையெழுவரில் சேராததால் நன்னனுக்கு ஒரு வளைவும் கிடைக்கவில்லை. அவன் தப்பித்தான்.) ஜவ்வாது மலையும் இப்படி ஆகவேண்டுமா என்று சூழலியல் நண்பர்கள் கேட்கிறார்கள். ஆகக்கூடாது என்பதே என் விடையும். ஆனால் ஏலகிரியில் நிலம் கைமாறியதற்குச் சாலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியன்று. பழங்குடியினர் பகுதிகளுக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையின்கீழ்த் தமிழ்நாட்டு மலை எதுவும் அறிவிக்கப்படவில்லை. அந்தக் காப்பு இல்லாத இடத்தில் சாலை வந்தால் அதன் வழியே பணக்காரன் முதலில் வருகிறான். இதற்கு மாற்று, நிலத்துக்குக் காப்புக் கேட்பது. ஆம்புலன்சைத் தடுத்து விடுதிக்காரனைத் தடுக்க முயல்வது மாற்றாகாது. அவன் எப்படியும் வந்துவிடுவான். அவனுக்கு ஜீப் இருக்கிறது.

காடு அழியும் என்பதற்கும் சட்டத்திலேயே ஒரு விடை இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவில், பள்ளி, மருத்துவமனை, குடிநீர், சாலை முதலிய பதின்மூன்று வகைத் தேவைகளுக்கு வனநிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எக்டேருக்கு உட்பட்ட நிலம். எக்டேருக்கு 75 மரங்களுக்குமேல் வெட்டக்கூடாது. கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். மரத்துக்கு எண்ணிக்கை வைத்து, முடிவை மலைமக்களின் சபையிடம் கொடுத்த சட்டம் இது. மலையை நேசிப்பதாகச் சொல்லும் நடைக்குழுக்கள், இந்த உட்பிரிவைப் படித்துவிட்டு ஒரு கிராம சபைக்கு உதவினால் எவ்வளவோ பயனுண்டு.

சாலை இல்லாத மலையில் பிழைப்பும் இல்லை. சாமை விளைகிறது, தேன், புளி, கடுக்காய், சீத்தாப்பழம் கிடைக்கின்றன, விலை வைப்பவன் கீழே இருக்கிறான். இம்மலையிலிருந்து ஆண்கள் செம்மரம் வெட்டும் கூலிக்கு ஆந்திரக் காடுகளுக்குப் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேசாசலம் காட்டில் அம்மாநிலக் காவல் படையினர் சுட்டதில் 20 தமிழர்கள் இறந்தார்கள். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தார்கள். ஆநிரை மீட்டு இறந்தவனுக்குச் செங்கத்தில் நடுகல் உண்டு. இவர்கள் மரம் வெட்டப் போனவர்கள். இவர்களுக்கு என்ன உண்டு என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

மலை நடையை நிறுத்தச் சொல்கிறேனா என்றால், இல்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேற்றக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரத்தை அடுத்து அதே ஆண்டிலேயே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்களை வனத்துறையே திறந்து, பதிவு முறையும் வழிகாட்டிகளும் ஏற்படுத்தியது. மலைவாழ் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைப்பது நல்லதே. மலைபடுகடாத்தின் கானவர் செய்த வேலை அது, இப்போது ஊதியத்தோடு. நகரத்திலிருந்து வந்தவர்கள் இறந்தபோது சில மாதங்களில் விதி எழுத முடிந்தது என்பதையும் மறக்க முடியவில்லை.

எங்கள் மாணவர்களுக்கு இப்போது ஒரு வேலை கொடுக்கிறேன். கவிதை எழுதச் சொல்வதில்லை. அதை அவர்கள் கேளாமலே எழுதுகிறார்கள். மேலே ஒரு சிற்றூரின் கடைசி வீட்டிலிருந்து இறங்கத் தொடங்கும்போது நேரத்தைக் குறிக்க வேண்டும். நான்கு சக்கர வண்டி வந்து நிற்கக்கூடிய முதல் இடத்தை அடைந்ததும் மறுபடி குறிக்க வேண்டும். அங்கிருந்து நச்சுமுறி மருந்து இருப்பில் உள்ள மருத்துவமனை எது, எவ்வளவு தூரம் என்பதை விசாரித்து எழுத வேண்டும். மழைக்காலத்தில் எந்த ஓடை வழியை அறுக்கும் என்பதை அவ்வூர்ப் பெண்களிடம் கேட்டு எழுத வேண்டும். ஆண்களைவிட அவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்வு நாள் நடக்கிறது. அவ்வூர்க்காரர்கள் மனு எழுதும்போது இந்தக் கணக்கையும் அதோடு சேர்த்துக் கொடுக்கலாம். கொடுத்ததற்கு மறக்காமல் இரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.